வேலூர்க் கோட்டைக் கோயில்: உங்கள் அம்மா சொன்னது சரிதான்

நண்பரே, சிறுமியாக இருந்தபோது ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறை வெறுமையாக இருந்தது என்று அம்மா சொல்கிறார், இப்போது லிங்கம் இருக்கிறதே, இது புதிதா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவின் நினைவில் பிசகில்லை. படையெடுப்புக் காலத்தில் மூலவரை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கோயில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்திருக்கிறது. வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் இருந்த அந்த லிங்கத்தை 1981 மார்ச்சில்தான் ஊர்மக்கள் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆக, புதிதாகச் செய்த லிங்கம் அல்ல. வீடு திரும்பிய சாமி. அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள், மனம் குளிரும்.

அரை மணி நேரமே இருக்கிறது என்கிறீர்கள். தரிசனம் முடிந்ததும் வேறெங்கும் அலையாமல், கோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழையும்போது இடப்பக்கம் உள்ள கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுங்கள். 16ஆம் நூற்றாண்டு விஜயநகர வேலை. முன்வரிசைத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். எல்லோரும் அங்கேயே படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரை நடுவில் ஒரு தாமரை. அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், தலைகீழாகத் தொங்கியபடி இதழைப் பற்றியிருக்கும். என் கழுத்து வலித்ததுதான் மிச்சம், கண்ணை எடுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். செருப்பில்லாமல் முற்றத்துக் கல்லில் நடக்க வேண்டும், மதியத்தில் கால் பொரிந்துவிடும்.