பழைய சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி மரத்தை வெட்டும் மெஷின்) வாங்கினேன். வட்டம் முட்டையாகவும் சதுரம் கோணலாகவும் வருகிறது. முதலில் பெட்டை, அதாவது மரத்தை வைக்கும் மேடைப் பலகையை, இழைத்துவிடலாமா?

வேண்டாம். பெட்டை இழைப்பது கடைசி வேலை. இப்போது இழைத்தால் கோணல் அப்படியே இருக்கும், நல்ல எம்டிஎஃப் பலகை ஒன்றுதான் வீணாகும்.

அந்த முட்டை வட்டத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்து அளந்து பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நீண்ட பக்கம் எக்ஸ் (இடவலம்) அல்லது ஒய் (முன்பின்) அச்சோடு ஒத்துப்போனால் ஏதோ ஒரு அச்சின் ஸ்டெப் கணக்கு (ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி திரும்ப வேண்டும் என்ற எண்) தவறு. 45 டிகிரி வாக்கில் சாய்ந்து நீண்டிருந்தால் கேன்ட்ரி (வெட்டும் தலையைச் சுமந்து ஓடும் குறுக்குப் பாலம்) கோணல். அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களில் மட்டும் சின்னப் படி தெரிந்தால் பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது வரும் வெற்று ஆட்டம். சதுரமும் கோணல் என்கிறீர்கள், ஆகவே கேன்ட்ரி மீதுதான் சந்தேகம். ஆனாலும் நேராக அங்கே கை வைக்காதீர்கள்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு கேன்ட்ரியையும் ஸ்பின்டிலையும் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) பிடித்து ஆட்டிப் பாருங்கள். பழைய மெஷினில் சக்கரம் தேய்ந்திருக்கும், மோட்டாரைத் தண்டோடு இணைக்கும் கப்ளிங்கின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஆட்டம் இருக்கும்வரை எந்த அளவும் நிற்காது. கேன்ட்ரியைக் கையால் நகர்த்தும்போது மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் ஸ்டெப்பர் மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரம் தயாரித்து, அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம்.

அடுத்து சட்டத்தின் முறுக்கு. இடம் மாற்றிய மெஷினில் இது அநேகமாக இருக்கும், ஏதாவது ஒரு கால் தரையில் சரியாக உட்கார்ந்திருக்காது. ரசமட்டத்தைவிட நூல் இதை நன்றாகக் காட்டும். நான்கு மூலையிலும் ஒரே உயரக் கட்டைகள் வைத்து, மெல்லிய நைலான் நூல் இரண்டை மூலைக்கு மூலை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாக உரச வேண்டும். பிறகு மேல் நூலைக் கீழே மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்போதும் அதே உரசல்தான் இருக்க வேண்டும். நடுவில் 1 மி.மீ. இடைவெளி என்றால், ஒரு மூலை 2 மி.மீ. தூக்கியோ இறங்கியோ இருக்கிறது என்று கணக்கு. காலைத் திருகியோ ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோ சரிசெய்யுங்கள்.

கேன்ட்ரி ஓடும் இரண்டு ரெயில்கள் விஷயம் சுருக்கமாக: ஒரு ரெயிலை நேர்விளிம்புக் கட்டையோடு ஒட்டி நேராக்கி இறுக்கிவிடுங்கள். மற்றதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, கேன்ட்ரியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிக்கொண்டே, அது நிற்கும் இடத்தில் இறுக்கிக்கொண்டு போங்கள். இரண்டாவது ரெயிலுக்கு அளவுகோல் கேன்ட்ரிதான்.

இப்போது கேன்ட்ரி. கையில் இருக்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, 30 செ.மீ. கருவி ஒரு மீட்டர் மெஷினுக்கு என்ன சாட்சி சொல்லும்? மெஷினையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வி-பிட் (கூர்முனை வெட்டும் பிட்) மாட்டி, பலகையில் 800 × 600 மி.மீ. செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் சின்னக் குழி போட்டு, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். டேப்பின் கொக்கியை நம்பாமல் 100 மி.மீ. கோட்டிலிருந்து அளப்பது நல்லது. கோணல் இல்லை என்றால் இரண்டும் சமம். ஸ்டெப் கணக்கு தவறாக இருந்தால்கூடச் சமமாகத்தான் வரும், அதனால்தான் எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். ஸ்டெப்பும் சரி என்றால் இரண்டும் 1000 மி.மீ. வரும்.

வித்தியாசம் 1.6 மி.மீ. என்று வையுங்கள். அப்படியானால் 600 மி.மீ.க்கு 1 மி.மீ. கோணல். இரண்டு ஒய் ரெயிலுக்கும் இடையே 1200 மி.மீ. இருந்தால் கேன்ட்ரியின் ஒரு பக்கத்தை 2 மி.மீ. நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம்? நீண்ட மூலைவிட்டம் மெஷினின் பின்பக்கத்தில் எந்த மூலையில் முடிகிறதோ, அந்தப் பக்கம் முந்தி நிற்கிறது. அதைப் பின்னோக்கி அல்ல, உங்களை நோக்கி இழுக்க வேண்டும். இரண்டு ஒய் மோட்டாரும் தனித்தனி லிமிட் சுவிட்சும் (அச்சின் எல்லையை மெஷினுக்குச் சொல்லும் சுவிட்ச்) இருந்தால் ஒரு சுவிட்சை நகர்த்தினால் போதும். இல்லையென்றால் ஒரு பக்கக் கப்ளிங்கைத் தளர்த்தித் திருப்புங்கள். மறுபடி குழி, மறுபடி அளவு. மரவேலைக்கு மூலைவிட்ட வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் வந்தால் நான் நிறுத்திவிடுவேன்.

அப்புறம்தான் ஸ்டெப் கணக்கு: பழைய எண்ணை, நகரச் சொன்ன தூரத்தால் பெருக்கி உண்மையில் நகர்ந்த தூரத்தால் வகுக்க வேண்டும். நீண்ட தூரத்தில் அளந்தால் பிழை குறையும்.

ஸ்பின்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, அதில் ஒரு குறுக்குக் கம்பி வைத்து டயல் கேஜ் (நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் அளவி) மாட்டி, மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். கேஜின் முனை ஓடுவதற்குப் பழைய பலகை ஆகாது, தடிமனான கண்ணாடித் துண்டு வையுங்கள். 200 மி.மீ. அகலத்தில் 0.1 மி.மீ. சாய்வு இருந்தால் 25 மி.மீ. பிட் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய 0.0125 மி.மீ. படி விடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு பெட்டை இழையுங்கள். எக்ஸ் வாக்கில் ஒரு சிறு பகுதியும் ஒய் வாக்கில் ஒரு சிறு பகுதியும் முதலில் ஓட்டி, விரலால் தடவுங்கள். எக்ஸ் வாக்கில் ஓட்டிய இடத்தில் வரிவரியாகப் படி தட்டுப்பட்டால் ஸ்பின்டில் முன்பின்னாகச் சாய்ந்திருக்கிறது, ஒய் வாக்கில் ஓட்டிய இடத்தில் என்றால் இடவலமாக.