புறநகரும் கலையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுன்டியில் (மாவட்டத்தில்) கலை வளர்ந்த விதத்தைப் பாராட்டி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பதினோரு ஆண்டுகளாக இங்கே கெய்தர்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். எனக்கு உங்கள் கருத்தில் உடன்பாடில்லை. ரயிலேறினால் வாஷிங்டனின் அருங்காட்சியகங்களும் அரங்குகளும் வந்துவிடுகின்றன. இங்கே இருப்பதெல்லாம் வசதியானவர்கள் தங்கள் ஊருக்குப் பூட்டிப் பார்க்கும் நகை. கலை பெருநகரத்தில் பிறக்கிறது, புறநகர் டிக்கெட் வாங்குகிறது, அவ்வளவுதான். என் மகள் ஒரு வீட்டின் அடித்தளத்தில் பரதம் கற்கிறாள். நீங்கள் சொல்லும் வளர்ச்சியில் அவளுக்கு இடம் எங்கே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த அடித்தள அறையைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது பிழைதான்.

10 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் அந்தக் கவுன்டியில், கலை பெரும்பாலும் பிறர் கைவிட்டுப்போன இடங்களில்தான் வேர் பிடித்தது. கிளென் எக்கோ என்ற ஊரிலுள்ள பூங்காவைப் பாருங்கள். 1891இல் பொதுமக்களுக்குச் சொற்பொழிவும் இசையும் வழங்கும் ஷட்டாக்குவா முகாமாக அது தொடங்கியது. நிலைக்கவில்லை. பிறகு கேளிக்கைப் பூங்காவானது. வாஷிங்டனிலிருந்து டிராம் ஏறி மக்கள் வந்தார்கள். 1921இல் ஒரு குடைராட்டினம் வந்தது, 1933இல் ஸ்பானிஷ் பால்ரூம் என்ற நடனக்கூடம் எழுந்தது. கறுப்பின மக்களுக்கு மட்டும் அனுமதி இல்லை.

இதை எதிர்த்து, 1960 ஜூன் 30 அன்று, கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படித்த வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அந்தக் குடைராட்டினத்தின் மரவிலங்குகள் மேல் ஏறி அமர்ந்தார்கள். எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்று பூங்காவின் காவலர் கேட்டதற்கு, மனித இனம் என்று ஒரு மாணவர் பதில் சொன்னார். ஐந்து பேர் கைதானார்கள். அருகிலிருந்த பானக்பர்ன் குடியிருப்பின் குடும்பங்கள் மாணவர்களோடு சேர்ந்துகொண்டன. அந்தக் கோடை முழுவதும் வாசலில் மறியல் நடந்தது. அடுத்த ஆண்டு பூங்கா எல்லோருக்கும் திறந்தது. புறநகர்வாசி டிக்கெட் வாங்குபவர் மட்டுமே என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, வாசலில் பலகை ஏந்தி நின்ற அந்தக் குடும்பங்கள்தான் என் நினைவுக்கு வந்தன.

1968 பருவத்தோடு பூங்கா மூடப்பட்டது. குடைராட்டினம் வெளியூருக்கு விலைபோக இருந்தபோது ஊர்மக்கள் பணம் திரட்டி அதை மீட்டார்கள். தேசியப் பூங்காத் துறை இடத்தைப் பொறுப்பேற்றதும், பாழடைந்த கட்டடங்களுக்குள் கலைஞர்கள் வந்து கற்பிக்கத் தொடங்கினார்கள். மட்பாண்டம், கண்ணாடி, பொம்மலாட்டம், ஓவியம் என்று இன்றும் அங்கே வகுப்புகள் நடக்கின்றன. பால்ரூமில் ஊரார் ஆடுகிறார்கள்.

அதே கவுன்டியின் சில்வர் ஸ்பிரிங்கில் 1938இல் திறந்து பின்னாளில் மூடிய சில்வர் திரையரங்கும் இப்படித்தான் 2003இல் மறுபிறவி எடுத்தது. ஸ்ட்ராத்மோர் மாளிகை ஒரு பணக்காரரின் வீடாகவும் பிறகு கன்னியர் மடமாகவும் இருந்துவிட்டு, கவுன்டியின் கைக்கு வந்து, 1983இல் கலை மையமாகத் திறந்தது. அதே வளாகத்தில் 2005இல் 1,976 இருக்கைகள் கொண்ட இசையரங்கு எழுந்தது. பால்டிமோர் சிம்ஃபனி இசைக்குழுவுக்கு அது இரண்டாவது வீடு. அந்தக் கட்டடத்தில் என்னை ஈர்ப்பவை வகுப்பறைகளும் ஒத்திகை அறைகளும்தான். அரங்கேற்றம் ஒருநாள் நடப்பது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் பள்ளி விட்டு வந்த குழந்தையைப் பெற்றோர் காரில் அழைத்துச்செல்லும் தூரத்துக்குள்தான் கழியும். அந்தப் பத்து ஆண்டுகள் வாஷிங்டனில் நடக்க முடியாது. குடும்பங்கள் வசிப்பது புறநகரில்.

நகை என்று நீங்கள் சொன்னதை நான் முழுக்க மறுக்கவில்லை. பெத்தெஸ்டாவில் கட்டட நிறுவனங்கள் கூடுதலாகக் கட்டிக்கொள்ள அனுமதி பெற்று, அதற்கு ஈடாகச் சிற்பங்களும் சதுக்கங்களும் அமைத்துத் தந்தன. அவற்றில் சில வெறும் அலங்காரம்தான். அதைவிட என்னை வருத்துவது வாடகை. சிற்பம் நிற்கும் அதே தெருவில் ஒரு நடன ஆசிரியை ஓர் அறை எடுக்க முடியாமல் வீட்டின் அடித்தளத்துக்குப் போகிறார் என்றால், அங்கே கவுன்டி தன் கடமையில் தவறுகிறது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் கேட்டுப் பெறக்கூடியவையும் இருக்கின்றன. பள்ளி அரங்குகளை வார இறுதியில் வாடகைக்கு விட கவுன்டிக்குத் தனி அலுவலகம் உண்டு. வரிப்பணத்திலிருந்து கலை அமைப்புகளுக்கு மானியமும் தருகிறார்கள். நம்மவர்கள் அதற்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறோம், நம் கலை நம் வீட்டு விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் மகளின் ஆசிரியையிடம் இதைப் பேசுங்கள். மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் ஒருநாள் மகளைக் கிளென் எக்கோவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் குடைராட்டினம் இன்னும் சுற்றுகிறது. அவள் ஒரு குதிரையில் ஏறி ஒரு சுற்று வந்த பிறகு, 1960இல் அங்கே யார் ஏறி அமர்ந்தார்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்