அக்காவை எங்கே விட்டீர்கள்?

கேள்வி: என் முதல் நாவலின் மூன்று அத்தியாயங்களை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். காலம் 1988. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் நாயகன், அம்மை இறந்து ஓராண்டு நிறைவதையொட்டி குமரி மாவட்டத்து விளவங்கோட்டிலுள்ள குடும்ப வீட்டுக்கு வருகிறான். குடும்பத்தோடு ஒட்டவும் முடியவில்லை, பழசை உதறவும் முடியவில்லை. ‘புலம்பல் அதிகம்’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டீர்கள். அந்நியப்பட்டவனைப் புலம்பாமல் எழுதுவது எப்படி? நகுலன் எழுதவில்லையா?
— ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: நகுலனை இழுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். அவருடைய நாயகன் நவீனன் தனியன்தான். ஆனால் ‘நினைவுப்பாதை’ நாவலில் அந்தத் தனியனைச் சுற்றி எவ்வளவு பேச்சு, எவ்வளவு வாசிப்பு, தன்னைத் தானே பார்த்துச் செய்துகொள்ளும் கிண்டல் எவ்வளவு! நீங்கள் தனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கிண்டலை விட்டுவிட்டீர்கள். புளியைக் கரைத்து வைத்து மீனை மறந்த குழம்பு.

பென்சிலோடு உட்கார்ந்து எண்ணினேன். 46 பக்கங்களில் ‘நினைவு’ 61 இடத்தில் வருகிறது, ‘வெறுமை’ 19 இடத்தில். ‘அக்கா’ ஒரே ஒரு இடத்தில். அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் இரண்டாம் பக்கம்: “வீடு என்னை ஓர் அந்நியனைப் போல் பார்த்தது. இறந்தகாலத்தின் நிழல்கள் என்னைச் சூழ்ந்தன.” வீடு பார்க்காது ஐயா. மைனி, அண்ணன் பெண்டாட்டி, பார்ப்பாள். அவள் எப்படிப் பார்த்தாள், என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். நீங்களே எழுதியதுதான், இந்த மைனி சிறுவயதில் அவனை “வா மக்கா, சோறு தின்னியா?” என்று கூப்பிட்டவள். இப்போது படியேறியதும் “வாங்க தம்பி, இரிங்க” என்கிறாள். நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள். காப்பியைத் தம்ளரில் தராமல், விருந்துக்காரருக்கு எடுக்கும் கப்-சாசரில் கொண்டுவருகிறாள். அவன் குடித்த கப்பைக் கழுவ எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போகிறான். “ஐயோ, அங்கயே வச்சிருங்க” என்று வாசலில் மறித்து வாங்கிக்கொள்கிறாள். அடுக்களைக்குள் போக முடியாதவன் அந்த வீட்டுக்காரன் இல்லை. இதற்கு ஒரு பத்தி போதும், ‘அந்நியன்’ என்ற சொல்லே வேண்டாம். மரியாதை கூடக்கூட உறவு கழன்றுகொண்டு போவதைக் காட்ட, வா-வாங்க இரண்டையும் வைத்திருக்கும் நம் மொழியைவிட வசதியான மொழி கிடைக்காது. அந்த வசதியை 46 பக்கத்திலும் நீங்கள் தொடவில்லை.

ஒருவன் ஒட்டவில்லை என்பது தெரிய, எதில் ஒட்டவில்லை என்பது வாசகனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காம்யூவின் ‘அந்நிய’னில் மெர்சோ தாயின் சவப்பெட்டியருகே விழித்திருக்கும் இரவில் பால் காப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். பிற்பாடு கொலை வழக்கில் அந்தக் காப்பியும் சாட்சியாக வந்து நிற்கிறது. துக்க வீட்டில் எதைச் செய்யலாகாது என்று ஓர் ஊர் வைத்திருப்பதால்தான் ஒரு கப் காப்பிக்கு அத்தனை கனம். உங்கள் ஓராண்டு நிறைவில் ஜெபக்கூட்டம் எத்தனை மணிக்கு, யார் பைபிள் வாசித்தது, பந்தியில் முதல் வரிசை யாருக்கு, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்த கூலியை யார் கொடுத்தது? ஒன்றும் இல்லை. நாயகன் மொட்டை மாடியில் நின்று நட்சத்திரம் பார்க்கிறான். அது ஓட்டு வீடு என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், மாடி எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி.

அடுத்தது பழசு. உங்கள் நாயகனுக்குப் பழசு தலைக்குள் இருக்கிறது. நம் பக்கத்து நல்ல நாவல்களில் அது வீட்டுக்குள் கிடக்கும், கையால் தொடலாம். தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யில் முஸ்தபாக்கண்ணு குடும்பப் பெருமை பேசிக்கொண்டே அதே குடும்பத்தின் தட்டுமுட்டுகளை விற்று வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறார். பழசு கண்முன்னே ஒவ்வொன்றாக வாசல் தாண்டிப் போகிறது. அவர் கையில் இருக்கும் பிரம்பு அந்த வீட்டுப் பெண்களின் முதுகுக்குத் தெரியும். நீல. பத்மநாபன் ‘பள்ளிகொண்டபுர’த்தில் (1970) வேறு வழி பிடித்தார். ஐம்பதாவது பிறந்தநாள் காணும் அனந்தன் நாயரைத் திருவனந்தபுரம் தெருக்களில் நடக்கவிட்டார். மனைவி விட்டுப்போன கதை இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது. நடப்பவனுக்கு நினைவு வந்தால் வாசகனும் கூட நடப்பான். படுத்துக்கிடந்து விட்டத்தைப் பார்ப்பவனுக்கு வந்தால் வாசகனும் படுத்துவிடுவான். உங்கள் ஆள் மூன்று அத்தியாயத்தில் நான்கு முறை படுக்கிறான்.

இனி அந்த ஒரே ஓர் ‘அக்கா’. “1966இல் அக்காவைப் பாறசாலையில் கட்டிக்கொடுத்தோம், பேசிய சீதனத்தில் ஆயிரம் ரூபாய் பாக்கி நின்றது” என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மழைக்குப் போய்விட்டீர்கள். நாவல் அந்தப் பாக்கியில் அல்லவா இருக்கிறது! உங்களுடையது கிறித்தவக் குடும்பம். பழைய திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோகூட அதுவும் கிடையாது. சொன்னால் போதும், கொடுக்க வேண்டியதில்லை! 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951லிருந்தே அந்தச் சட்டத்துக்கு உயிரில்லை, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் நாவலில் தகப்பன் 1979இல் உயில் இல்லாமல் சாகிறார். கதை நடப்பது 1988. நடுவில் 1986. பாறசாலைக்காரிக்கு அண்ணன் தம்பிக்குச் சமமான பங்கு இருக்கிறது என்பது அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரியாமலா இருக்கும்?

இப்போது மறுபடி மைனியைப் பாருங்கள். ஏன் இத்தனை மரியாதை? அண்ணன் பாகபத்திரம் எழுதத் தயாராகிறான். 42 சென்ட் விளை (தோட்டம்), வீடு, முப்பது தெங்கு. இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அத்தான் கேரளத்துப் பாறசாலைக்காரர், அதை மலையாளத்தில் ஒழிமுறி என்பார். தம்பியின் தவிப்புக்கும் அப்போதுதான் ஓர் எலும்பு கிடைக்கும். அவன் பழசை நினைத்துப் புழுங்குவது சும்மா இல்லை, அக்காவுக்குத் தெரியாததை அவன் பேப்பரில் வாசித்திருக்கிறான், சொல்லவில்லை. 21 சென்ட் அவன் வாயைக் கட்டியிருக்கிறது. இதற்குப் பிறகு அவன் மொட்டை மாடியில் நின்றாலும் நாங்கள் நம்புவோம்.

பாகபத்திரம் நான்கைந்து படித்துப் பாருங்கள், பத்திரம் எழுதும் ஆதார எழுத்துக்காரரிடம் கேட்டால் நகல் காட்டுவார். எல்லைகள், மரங்கள் என்று எல்லாம் பிரித்து எழுதிவிட்டுக் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி வரும்: கிணறும் வழியும் பொது. சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் தினமும் காலையில் ஒரே கிணற்றடிக்கு வந்துதான் ஆக வேண்டும். உங்கள் 46 பக்கத்தில் கிணறே இல்லை.

அக்கா என்றதும் நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) நினைவுக்கு வராமல் போகாது. பெண்ணே அல்ல என்று புகுந்த வீட்டார் பழி சொல்லித் திருப்பியனுப்பிய நாகு அக்கா, பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி திரவி. தம்பியின் வேதனை அங்கே வெறுமை என்று ஒரு சொல்லில் நின்றுவிடுவதில்லை, அக்காவுக்கு நடந்ததன் மேல் ஏறி நிற்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ உங்கள் ஊருக்கு இன்னும் பக்கம். வயது வந்ததும் வீட்டோடு அடைபட்ட லிஸி எவ்வளவு உலகத்தைப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள்.

வேலை நுணுக்கம் இரண்டு. ஒன்று, நினைவுக்குள் நுழையும்போது ‘வந்திருந்தார், சொல்லியிருந்தார், நின்றிருந்தார்’ என்று பக்கம் முழுக்க ‘இருந்தார்’ வரிசை கட்டுகிறது. முதல் இரண்டு வாக்கியத்துக்கு அது போதும், பிறகு ‘வந்தார், சொன்னார்’ என்று சாதாரணமாக ஓடவிடுங்கள். திரும்பி வரும்போது இன்றைய பொருள் ஒன்றைத் தொட்டு வாருங்கள்: ஆறிப்போன காப்பி, வாளிக் கயிறு. நினைவுக்குள் இன்னொரு நினைவு கூடாது. மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் மூன்றடுக்கு இறங்கி ஏணியை மேலேயே மறந்துவிட்டீர்கள்.

இரண்டு, ஆண்டு. உங்கள் பாட்டி “1924 வெள்ளத்துல…” என்கிறாள். அவள் அப்படிச் சொல்லமாட்டாள். மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் அது 1099, அதனால் “தொண்ணூத்தொம்பது வெள்ளம்” என்பாள். அக்கா கல்யாணம் மேட மாதத்தில் (நம் சித்திரை) என்றால் அவளுக்கு அது “நாப்பத்தொண்ணு மேடம்”. ஆவணி பிறக்கும் வரை ஆங்கில ஆண்டில் 825 கழியுங்கள், பிறந்த பிறகு 824. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்த 1956 நவம்பர் அவள் கணக்கில் 1132 துலாம் மாதம். தம்பி ஆங்கில ஆண்டில் யோசிக்க, பாட்டி கொல்லத்தில் பேசினால், ஒரே வீட்டில் இரண்டு காலம் ஓடுவது தானாகத் தெரியும், நீங்கள் நிழலை வரவழைக்க வேண்டியதில்லை.

மீதி அத்தியாயங்களை இப்போது அனுப்ப வேண்டாம். முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுதுங்கள், தம்பியை வைத்தல்ல. அக்கா பாறசாலையில் பஸ் ஏறுகிற இடத்தில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பையில் அண்ணனின் இன்லேண்டு கடிதம். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் தன் கைப்பட எழுதிய முதல் கடிதம். அம்மைக்குக் கூட்டம் வைத்திருக்கிறோம், அவசியம் வரணும் என்று எழுதி, கீழே ஒரு வரி தனியாக: வரும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா.