புது பால்மாவும் இளகின மலமும்

தங்கச்சி, ப்ரீபயோட்டிக் (குடலில நல்ல கிருமியளை வளர்க்கிற ஒருவகை நார்ச்சத்து) சேர்த்த மாவுக்கு மாத்தினதில இருந்து மூண்டு மாசப் பிள்ளைக்கு மலம் இளகுது, சோதிச்சுத்தான் விக்கினமோ எண்டு மாங்குளத்தில இருந்து கேட்டிருந்தீங்கள்.

சோதிக்கிறவை. ஒரு பகுதிப் பிள்ளையளுக்குப் பழைய மா, மற்றவைக்குப் புதுசு குடுத்து நிறை, நீளம், தலைச் சுற்றளவு அளப்பினம். அமெரிக்காவில குறைஞ்சது 15 கிழமை. கரைச்ச பால் 100 மில்லிலீற்றருக்கு ஒரு குறிப்பிட்ட ப்ரீபயோட்டிக் கலவை 0.8 கிராம் வரை இருந்தால் பெரிய கவலை இல்லையெண்டு ஐரோப்பிய விஞ்ஞானக் குழு 2001இலயே சொல்லிட்டுது. மலம் கொஞ்சம் இளகிறது அந்தச் சேர்மானத்தின்ர வேலைதான். தண்ணியாப் போய், மூத்திரம் குறைஞ்சு, உச்சிக்குழி பதிஞ்சால் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

எனக்கு மாவை விட உங்கட கிணத்துத் தண்ணிதான் யோசனை. அதில புளோரைட் (கூடினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கிற உப்பு) இருந்தால், கொதிக்க வச்சாலும் போகாது. புளோரைட்டை வடிச்செடுக்கிற ஆர்.ஓ. மெசினில சுத்திகரிச்ச தண்ணியைக் கொதிக்க வச்சு, 70 பாகைக்குக் கீழ ஆறமுதல் மாவைக் கரைச்சு, பிறகு ஆத்திப் பருக்குங்கோ; மாவிலயும் கிருமி இருக்கலாம்.