கரை இறங்கிய பிறகு யார் பொறுப்பு? கப்பல் பயணிகளுக்கான கேள்வி-பதில்

விடுமுறை முடிந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பங்கு சொகுசுக் கப்பல் பயணங்களைப் பற்றியவை. கப்பலுக்குள் நடந்ததைக் குறித்துப் புகார் சொல்பவர்கள் மிகச் சிலரே. ஏறத்தாழ எல்லாத் தொல்லைகளும் துறைமுகத்தில் இறங்கிய அந்தச் சில மணி நேரத்தில்தான் நேர்ந்திருக்கின்றன. ஆகவே இவ்வாரம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் குடும்பத்துடன் போனோம். புக்கெட்டில் கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு 4.30 மணிக்கு என்றார்கள். என் கைப்பேசியில் மணி 4.10 காட்டியபோதே படகுத்துறைக்கு வந்துவிட்டோம். அங்கே ஒருவரும் இல்லை. சொந்தச் செலவில் விமானத்தில் சிங்கப்பூர் திரும்பினோம். பயண முகவர் கைவிரிக்கிறார். வழக்குத் தொடரலாமா? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் படகுத்துறைக்கு வந்தபோது கப்பலில் மணி 5.10. சிங்கப்பூரும் மலேசியாவும் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கின்றன. இந்தத் தடத்தில் ஓடும் கப்பல்கள் பல, இடையில் எந்த நாட்டுக்குப் போனாலும் சிங்கப்பூர் நேரத்தையே கப்பல் நேரமாக வைத்துக்கொள்கின்றன. உங்கள் கைப்பேசியோ தாய்லாந்து சிக்னல் கிடைத்ததும், உங்களைக் கேட்காமலே, ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. முந்தைய இரவு உங்கள் அறைக்கு வந்த நிகழ்ச்சித் தாளில் கப்பல் நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் மேசையில் விட்டுவிட்டு இறங்கிவிட்டு, பிறகு முகவரைக் குறை சொல்லும் கடிதங்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன. எனக்குப் பொறுமை குறைந்துகொண்டே போகிறது. கப்பல் நேரம் தெளிவாக அறிவிக்கப்பட்டிருந்தால் உங்கள் வழக்கு நிற்காது.

இனி போகிறவர்களுக்கு: கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டவர்களுக்கு உள்ளூரில் உதவ வேண்டியவர் அவர்தான். பயணி திரும்பவில்லை என்று தெரிந்ததும் பயணியின் கடவுச்சீட்டை அந்த முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவதும் கப்பல்களில் வழக்கம். சிங்கப்பூர் விசா ஒரே முறை நுழையத்தக்கதாக இருந்தால் கப்பலைத் தவறவிட்ட ஊரிலிருந்து அங்கே திரும்புவது இன்னும் சிக்கலாகும். எனவே பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.

கேள்வி: கரையில் இறங்கும்போது கடவுச்சீட்டை எடுத்துச் செல்ல வேண்டுமா? (திருச்சி வாசகி)

பதில்: அந்தத் துறைமுகத்துக்கு அசல் வேண்டும் என்று கப்பலே சொன்னால் மட்டும். மற்றபடி அது அறையின் பெட்டகத்தில் இருக்கட்டும். ஒளிநகலும் கப்பலில் தரும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலாவுக்கு வெளியில் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு விலை. பாதுகாப்புக்காக அந்தப் பணத்தைக் கொடுப்பது சரியா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. பல ஆண்டுகளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. ஆகவே பதில் சற்று நீளும்.

அந்தக் கூடுதல் பணத்துக்கு நீங்கள் வாங்குவது ஒன்றே ஒன்றுதான்: கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகாது என்ற உறுதி. கப்பல் வழியாக வாங்கிய சுற்றுலாவின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுவந்து சேர்க்கும். வெளியாரிடம் வாங்கினால் அந்தக் கடமை அதற்கு இல்லை. 2024 மார்ச் மாதம் ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ டோமேயில் நார்வேஜியன் டான் என்ற கப்பலின் பயணிகள் எட்டுப் பேர் தனியார் சுற்றுலா ஒன்றில் சென்று தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் இன்னும் நங்கூரமிட்டுக் கண்ணெதிரே நின்றிருந்தது. கடலோரக் காவல் படையினர் படகில் அவர்களைக் கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்துக் காம்பியாவில் ஏறிக்கொள்ளலாம் என்று நாடு நாடாகக் கடந்து போனார்கள். நீர்மட்டம் போதாமல் கப்பல் அங்கே கரை சேரவில்லை. கடைசியில் செனகலின் டாக்கருக்குப் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள்.

ஆகவே துறைமுகத்துக்கும் பார்க்கப் போகும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவை முதலில் பாருங்கள். விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டாவெக்கியாவில். பாரிஸ் என்றால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் லே ஹாவ்ரில். பாங்காக் என்றால் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள லேம் சபாங்கில். அத்தகைய இடங்களில் கப்பலின் சுற்றுலாவையே வாங்குங்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். அதற்குப் போய்ப் பேருந்துச் சுற்றுலா வாங்குபவரைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். கப்பல் விற்கும் சுற்றுலா, கப்பல் நடத்தும் சுற்றுலா அல்ல. பயண ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்: சுற்றுலாவை நடத்துபவர் தனி ஒப்பந்தக்காரர் என்றும், அவருடைய தவறுக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பல்ல என்றும் அங்கே எழுதியிருக்கும். விற்கும்போது தன் பெயரையும் கவுண்டரையும் சீருடை அணிந்த ஊழியரையும் முன்னால் நிறுத்திவிட்டு, விபத்து நடந்தபின் 'அவர் வேறு, நாங்கள் வேறு' என்று சொல்லும் இந்த ஏற்பாடு பெரும்பாலான கப்பல் நிறுவனங்களில் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்தின் வக்காரியை, அதாவது ஒயிட் ஐலண்ட் என்ற எரிமலைத் தீவை, நினைவூட்டுகிறேன். 2019 டிசம்பர் 9 அன்று அது வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 38 பேர் ஓவேஷன் ஆஃப் த சீஸ் கப்பலிலிருந்து வந்தவர்கள். மொத்தம் 22 பேர் இறந்தார்கள். அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலை மூன்று வாரங்களுக்கு முன்பே, நவம்பர் 18 அன்று, 1 இலிருந்து 2 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அந்தத் தகவல் பொதுவெளியில் இருந்தது. தேடிப் பார்க்கத் தெரிந்தவர் எவரும் படித்திருக்கலாம். ஆனால் கப்பலில் சீட்டு வாங்குபவர் தேடுவதில்லை. கப்பலே விற்கிறது என்றால் கப்பலே சோதித்திருக்கும் என்று நம்பிவிடுகிறார். நம்பியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கைக்காகத்தானே இரண்டு மடங்கு விலை வாங்குகிறார்கள்?

எனவே எரிமலை, சிறு விமானம், ஹெலிகாப்டர், கடலடி நீச்சல், கயிற்றில் தொங்கிச் செல்லும் விளையாட்டு ஆகியவற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கவுண்டரில் மூன்றைக் கேளுங்கள்: நடத்துபவரின் பெயர் என்ன, அவருக்கு உரிமமும் காப்பீடும் உண்டா, இன்றைய நிலவரத்தைப் பற்றி உள்ளூர் அரசு என்ன சொல்கிறது. பதில் வராவிட்டால் கப்பலிலேயே இருந்து சாப்பிடுங்கள். அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது.

கேள்வி: புக்கெட்டின் பட்டோங் கடற்கரையில் என் மகன் ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுத்தான். திரும்பியதும் அடிப்பாகத்தில் கீறல் என்று சொல்லி நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டு 50,000 பாட் கேட்டார்கள். கப்பல் புறப்படும் நேரம் நெருங்கியதால் பேரம் பேசி 20,000 கொடுத்தோம். ஏமாளி என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். (சேலம் வாசகி)

பதில்: சிரிப்பவர்களை அந்தக் கரையில் ஒரு மாலை நிறுத்திப் பார்க்க வேண்டும். இது பட்டோங்கில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. கீறல் முன்பே இருந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தை வாடகைக்கு எடுப்பவர் பார்ப்பதில்லை. கப்பல் பயணிக்கு நேரமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த நேரமின்மைக்குத்தான் விலை வைக்கிறார்கள். உங்கள் மேல் தவறு இல்லை. பணம் கொடுத்துக் கப்பல் ஏறியது அந்த நிலையில் விவேகமான முடிவு.

ரொக்கமாகக் கொடுத்ததால் வங்கி வழியாகத் திரும்பப் பெற வழியில்லை. இனி யாராவது அந்தக் கரையில் எடுத்தே தீருவேன் என்றால், வண்டியை மணலில் ஏற்றச் சொல்லி அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கங்களையும் உரிமையாளர் முன்னிலையில் காணொளி எடுக்கட்டும். கடவுச்சீட்டை எக்காரணம் கொண்டும் அடமானமாகக் கொடுக்கக் கூடாது. தகராறு வந்தால் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லி அழைத்தாலே தொகை இறங்கிவிடுவதுண்டு.

கேள்வி: புக்கெட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் டாக்சியைவிட மலிவு என்கிறார்கள். எனக்குக் கார் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. (ஓசூர் வாசகர்)

பதில்: வேண்டாம். இருசக்கர வண்டிக்கான உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீடு ஒரு காசு தராது.

கேள்வி: ஜூலையில் புக்கெட் போகிறோம். கடலில் குளிக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கரையில் பருவக்காற்றின் அலையும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் கடுமையாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் கூட நனைக்க வேண்டாம். அலை அடங்கித் தெரிகிற இடம் பத்திரமானது என்று பலர் நினைக்கிறார்கள். இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பார்சலோனாவில் என் அம்மாவின் தோளில் எதையோ கொட்டிவிட்டு, துடைக்க உதவுவதைப்போல் வந்தவர்கள் கைப்பையிலிருந்த பணப்பையை எடுத்துவிட்டார்கள். காவல் நிலையத்துக்குப் போக நேரமில்லாததால் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது. (சென்னை வாசகி)

பதில்: கப்பலிலிருந்து வரும் பேருந்து கொலம்பஸ் தூணருகே இறக்கிவிடும், அங்கே தொடங்கும் லா ரம்ப்லா வீதி ஐரோப்பாவின் பிக்பாக்கெட்காரர்களுக்குப் பேர்போன இடம். உங்கள் அம்மாவிடம் நடந்தது அவர்களுடைய பழைய உத்தி. யார் துடைக்க வந்தாலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். காவல்துறையின் புகார்ச் சான்று இல்லாமல் திருட்டுக்கு இழப்பீடு தருவதில்லை என்பது பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனை. ஆனாலும் அன்று மாலையே கப்பலின் வரவேற்பு மேசையில் முறையிட்டிருந்தால் அதன் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அட்டைகளை முடக்கிய நேரம் பதிவான வங்கிக் குறுஞ்செய்தியையும் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. முயல்வதற்குச் செலவும் இல்லை.

திருட்டுக்கு அஞ்சி இடுப்பில் கட்டும் மறைவுப் பை வாங்கலாமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் வாங்கியதன் ஜிப் விமான நிலையத்திலேயே பிய்ந்துவிட்டது. சட்டையின் உட்புறம் தையற்காரரிடம் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால்? (வேலூர் வாசகர்)

பதில்: யூரோ.

கேள்வி: கப்பலில் கொடுத்த வரைபடத்தில் பரிந்துரைத்த நகைக்கடையில் நீலக்கல் மோதிரம் வாங்கலாமா? கப்பலின் உத்தரவாதம் உண்டு என்கிறார்கள். (காரைக்குடி வாசகி)

பதில்: அந்த வரைபடத்தில் இடம்பெறப் பல கடைகள் பணம் கட்டுகின்றன, அது விளம்பரம். உத்தரவாதம் என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட நாள்களுக்குள் பழுது நீக்குவதற்கோ மாற்றுவதற்கோ உரியது. கல்லின் மதிப்புக்கு உரியதன்று. நானும் அப்படி ஒரு மோதிரம் வைத்திருக்கிறேன். நம் ஊர் நகைக்கடையில் மதிப்பிடக் கொடுத்தபோது கல்லை எட்டிக்கூடப் பார்க்காமல் தங்கத்தை மட்டும் எடை போட்டார்கள். அதோடு, கடைப் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுக வீதியில் நடப்பது திருடனுக்கு முகவரி கொடுப்பதாகும்.

கேள்வி: முகவரிடம் 'காப்பீடு உட்பட' என்று எழுதிய சீட்டுக்குப் பணம் கட்டினோம். கரையில் படகிலிருந்து இறங்கும்போது மாமியார் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில்தான் தெரிந்தது, அவர் பெயரில் காப்பீடே எடுக்கப்படவில்லை என்று. முகவர் இப்போது அழைப்பை எடுப்பதில்லை. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: இந்த வாரக் கடிதங்களில் வழக்குக்கு உரியது இதுதான், அம்மா. பணம் வாங்கிக்கொண்டு காப்பீடு எடுக்காமல் விட்டது சேவைக் குறைபாடு. அதில் ஐயமே இல்லை. முதலில் முகவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். மறுமொழி வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். முகவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வழக்குரைஞர் கட்டாயமில்லை. புகாருக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஐ அழைத்துக் கேளுங்கள்.

'காப்பீடு உட்பட' என்று எழுதிய சீட்டு, பணம் செலுத்திய வங்கிப் பதிவு, முகவருடன் நடந்த வாட்ஸாப் உரையாடல், மருத்துவமனை ரசீதுகள், விபத்தைப் பற்றிக் கப்பலின் மருத்துவப் பிரிவு எழுதிய குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அந்தக் கடைசிக் குறிப்பு உங்களிடம் இல்லாவிட்டால் கப்பல் நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வாட்ஸாப் உரையாடலையும் இன்றே நகலெடுத்துவிடுங்கள். அழைப்பை எடுக்காதவர் அனுப்பிய செய்திகளை அழிக்கவும் தயங்க மாட்டார்.