போதை ஊசியை விட்ட பிறகுதான் எச்.ஐ.வி. பரிசோதனையா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது. கூட்டாளிகளோடு ஒரே ஊசியில் போதை மருந்து ஏற்றியிருக்கிறான் என்று போன மாதம்தான் தெரிந்தது. இன்னும் முழுசாக விடவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கூப்பிட்டால், போலீசில் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். முதலில் பழக்கத்தை நிறுத்தவைத்துவிட்டு அப்புறம் கூட்டிப்போகட்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம் சகோதரி. பழக்கம் விட மாதங்கள் ஆகலாம், வருஷமும் ஆகலாம். கிருமி அதுவரை காத்திருக்காது.

அவனிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: கடைசியாக எப்போது ஊசியைப் பகிர்ந்தான்? 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். நாள் கடந்திருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். பக்கத்து ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று கூசினால் நேரே ஆசாரிப்பள்ளமே போகலாம்.

போலீஸ் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சம்மதமில்லாமல் சோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அவன் ஒப்பாவிட்டால் உங்களிடம்கூடச் சொல்லமாட்டார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள், அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பிள்ளைகள் உள்ளேயே வருகிறார்கள். எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் பெயர் சொல்லாமல் போன் செய்து அவனே கேட்டுப் பார்க்கட்டும்.

தொற்று இல்லை என்று வந்தால், கடைசியாகப் பகிர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இருக்கிறது என்று வந்தால், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒன்றே போதும். போதையை விட்டால்தான் மாத்திரை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆள் நழுவிப்போவது, சோதனையிலிருந்து சிகிச்சைக்குப் போகும் இந்த இடத்தில்தான். கையில் சீட்டைக் கொடுத்து 'அங்கே போ' என்று அனுப்பினால், அது சட்டைப்பையிலேயே மடங்கிக் கிடக்கும். காலையில் போதை இறங்கி, உடம்பு உளைந்து, வியர்த்துக்கொண்டிருப்பவனால் வரிசையில் நிற்க முடியாது. அதனால் மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். ஓபியம் வகைப் போதை என்றால், நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை அந்த உளைச்சலைத் தணிக்கும். அது அடங்கினால் எச்.ஐ.வி. மாத்திரையையும் விடாமல் சாப்பிடுவான்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஊசி மட்டுமல்ல, மருந்து கலக்கும் தண்ணீர், பஞ்சு வழியாகவும் சி பரவும். பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் அது குணமாகிவிடும். இதற்கிடையில் ஊசி போடாமல் இருக்க முடியாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் புது ஊசி, தன் ஊசி மட்டும்.

'நானும் கூட வாறேன் மக்கா' என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய கையில் ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் தேடுவார்கள். அந்த நேரம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருங்கள்.