தச்சு வேலை தெரியாத ஒருவர் வீட்டிலேயே உறுதியான எழுதுமேசை செய்ய முடியுமா?

முடியும். நான் செய்த இரண்டாவது மேசையில் இருந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முதலாவது மேசையின் கதையைச் சொன்னால்தான் கேட்டவருக்குப் பிரயோசனம்.

அது 2021 கார்த்திகை. யாழ்ப்பாணத்தில் நல்ல மாரி. வெளியே மழை கொட்ட, விறாந்தையில் வைத்துச் செய்தேன். மரம் தடிப்பாக இருந்தால் மேசை உறுதியாக இருக்கும் என்பதுதான் அப்போது என் அறிவு. மேலே ஒன்றரை அங்குல வேப்பம் பலகை, மூன்று அங்குலக் கால்கள், எல்லாவற்றையும் சேர்க்க நாலு அங்குல ஆணி. தூக்க இரண்டு பேர் வேண்டும். அப்படியிருந்தும் எழுதும்போது பக்கவாட்டில் ஆடியது. பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் 'டப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மேல் பலகையில் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, ஐந்து ரூபாய்க் குற்றியைச் செங்குத்தாகச் செருகலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வயதான ஓடாவியார் (தச்சர்) இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பலகை மாரிக்கு ஊதும், கோடைக்கு வத்தும். நீர் நாலு பக்கமும் ஆணி அடிச்சு வைச்சால் அது எங்கை போறது?" என்றார். பிறகு மேசையின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு விளக்கம் கேட்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

விளக்கம் இதுதான். மரம் நீளவாக்கில் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில்தான் ஊதி வற்றும். 24 அங்குல அகலமான பலகையில் மாரிக்கும் கோடைக்கும் இடையே ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம் வரும் (அங்குலத்துக்கு எட்டு நூல்). ஆகவே மேல் பலகையை நடுவில் மட்டும் இறுக்க வேண்டும். ஓரங்களில் திருகாணி போகும் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி வெட்டிவிட்டால், பலகை வேண்டியபடி நகர்ந்துகொள்ளும்.

ஆட்டம் வேறு விடயம். மேசை ஆடுவதும் ஆடாததும் மரத்தின் தடிப்பில் இல்லை, காலும் சுற்றுச் சட்டமும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. பலகைக்குக் கீழே காலையும் காலையும் இணைக்கும் சட்டம் நாலு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். என் முதல் மேசையில் இரண்டு அங்குலம்தான், அதுவும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணி கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். காலில் துளை, சட்டத்தின் நுனியில் அந்தத் துளைக்குள் போகும்படி மெலிதாக வெட்டின நாக்கு என்று பொருத்தினால் தளராது.

சரி, அதை எப்படிச் செய்வது? துளையை முதலில் போடுங்கள், நாக்கைப் பிறகு வெட்டுங்கள். நாக்கைச் சீவிச் சரிசெய்யலாம், துளையைச் சரிசெய்வது கஷ்டம். சட்டம் ஒரு அங்குலத் தடிப்பு என்றால் நாக்கு மூன்று நூல் போதும், நீளம் ஒன்றரை அங்குலம். கோட்டுக்கு மேலே அரியாமல் கோட்டுக்கு வெளியே அரியுங்கள், மிச்சத்தை உளியால் சீவி எடுங்கள். கையால் தள்ளினால் உள்ளே போகவேண்டும், தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக்கூடாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் கால் பிளக்கும். எனக்கு ஒன்று பிளந்தது.

இதற்கெல்லாம் உளி கூராக இருக்க வேண்டும். கடையில் வாங்கின உளி கூர் இல்லை, அதை யாரும் சொல்வதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் மண்கடதாசியை ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கையில் உள்ள மயிர் வழித்துக்கொண்டு வந்தால் பதம் சரி. மொட்டை உளிதான் வழுக்கிக் கையை வெட்டும். மற்றபடி கைவாள், சீவுளி, மூலைமட்டம், அளவுநாடா போதும். இரண்டாவது மேசை 2022 மின்வெட்டுக் காலத்தில் செய்தது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. இரவல் வாங்கின மின்வாள் மூலையில் சும்மா கிடந்தது.

மரத்துக்கு மரக்காலையில் வேம்பு கேளுங்கள். பூச்சி அவ்வளவாக அண்டாது, உளிக்கும் வளைந்து கொடுக்கும். முதிரை அழகுதான், ஆனால் புதியவரின் உளியைத் தின்றுவிடும். பனை கூரைக்கு நல்லது, சீவினால் நார் நாராகக் கிளம்பும். பச்சை மரம் மட்டும் வேண்டாம், ஒரு அங்குலப் பலகை காய ஏறத்தாழ ஒரு வருடம் வேண்டும். என் கால்கள் பழைய வீடு ஒன்று பிரித்த இடத்தில் வாங்கின பலாத் தீராந்தி (உத்தரம்). காய்ந்து காய்ந்து இனிப் புதிதாக வற்ற அதிகம் இல்லாத மரம். அரிய முதல் ஒளிந்திருக்கும் ஆணிகளைத் தேடிப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் வாள் பல் போய்விடும்.

ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் கருவிகள் என்னிடம் இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினேன், நன்றாகவே பிடித்தது. பைண்டர் பசை காய முதல் மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். காய்ந்த பிறகு அளந்து பிரயோசனம் இல்லை.

உயரம் 29 அங்குலம் வைத்தேன். பலகைக்கு ஒன்று, சட்டத்துக்கு நாலு போக முழங்காலுக்கு 24 மிஞ்சும், சாதாரணக் கதிரைக்கு அளவு. லாச்சி (இழுப்பறை) வேண்டாம், அது அடுத்த மேசைக்கு. வார்னிஷ் மேலே பூசுகிற அளவு கீழ்ப்பக்கமும் பூசுங்கள், இல்லாவிட்டால் பலகை ஒருபக்கமாக வளையும்.

அந்த முதல் மேசை இப்போது கிணற்றடியில். அம்மா கழுவின சட்டி பானைகளை அதில்தான் கவிழ்த்து வைக்கிறா. வெடிப்பு வழியே தண்ணீர் நன்றாக வடிகிறதாம்.